காலணிகளைக் கோட்டுக்கு வெளியே விடவும்

சடையப்பன் முப்பத்தொரு வருஷம் பார்த்த உத்தியோகத்தை ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஒரு கதவுக்கு அந்தப் பக்கம் இருப்பது இந்தப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்வது. அணுமின் நிலையத்தில் அழுக்கு என்றால் கண்ணுக்குத் தெரியாத அழுக்கு. அதைத் தடுக்க அங்கே வாசலுக்கு வாசல் ஒரு பெஞ்சு போட்டிருப்பார்கள். வருகிறவன் அதில் உட்கார்ந்து, போட்டிருக்கும் செருப்பை இந்தப் பக்கமே கழற்றிவிட்டு, காலைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டு, அங்கே காத்திருக்கும் வேறு செருப்பை மாட்டிக்கொண்டு போக வேண்டும். இந்தச் சின்ன விஷயத்தைக்கூட ஒழுங்காகச் செய்யாத இன்ஜினியர்களை எல்லாம் சடையப்பன் பெஞ்சிலேயே உட்காரவைத்துப் பாடம் நடத்தியிருக்கிறார். ஓய்வு பெற்ற அன்று அவருக்கு மாலை போட்டுப் பேசியவர்களில் மூன்று பேர் அந்தப் பாடத்தை நினைவுகூர்ந்தார்கள். அதைப் பாராட்டு என்றே அவர் எடுத்துக்கொண்டார்.

அணுபுரத்தை ஒட்டி மனை வாங்கி வீடு கட்டியிருந்தார். ஓய்வுக்குப் பிறகு ஒரு வருஷம், காப்பாற்றுவதற்கு ஒன்றும் இல்லாமல் மனுஷன் தவித்துப்போனார். சமையலறைக்குள் நுழைந்து தேங்காய் மூடியை எங்கே வைப்பது என்று மனைவி சம்பூர்ணத்துக்குச் சொல்லிக் கொடுக்கப் பார்த்தார். அவள் கரண்டியைக் காட்டி வெளியே அனுப்பினாள்.

அந்த ஐப்பசி மழையில் தெருநாய் ஒன்று வந்து, கார் இல்லாத அவர்கள் கார் ஷெட்டில் மூன்று குட்டி போட்டது. சம்பூர்ணம் தாய்க்கு அம்மணி என்று பேர் வைத்தாள். குட்டிகளுக்கு அஞ்சறைப் பெட்டியைப் பார்த்துக் கடுகு, சீரகம், மிளகு என்று வைத்தாள். சடையப்பன் பேர் வைப்பதெல்லாம் வேண்டாத ஒட்டுதல் என்று சொல்லி, ஒன்று, இரண்டு, மூன்று என்றே கூப்பிட்டார். மூன்றாவது குட்டி எல்லாவற்றிலும் சின்னது, கறுப்பு. அதற்குத் தூங்குவதற்கு உலகத்தில் வேறு இடமே கிடைக்காத மாதிரி, அவர் பேப்பர் படிக்கும்போது அவருடைய வலது பாதத்தின் மேல் வந்து படுத்துக்கொள்ளும். கால் மரத்துப்போனாலும் அவர் அசையமாட்டார். இரண்டாவது வாரமே அவரும் அதை மிளகு என்றுதான் கூப்பிட்டார். சம்பூர்ணம் அதைக் கேட்டும் கேட்காத மாதிரி இருந்துவிட்டாள்.

ஏழாவது வாரம் மூன்றையும் கூடையில் வைத்துச் செங்கல்பட்டுக்குக் கொண்டுபோய் முதல் ஊசி போட்டார்கள். அங்கே டாக்டர் பிரிசில்லா சொன்னது சடையப்பனுக்காகவே சொன்ன மாதிரி இருந்தது.

“பார்வோன்னு ஒரு வைரஸ் சார். கண்ணுக்குத் தெரியாது. மண்ணுல விழுந்தா மாசக்கணக்கா, ஒரு வருஷம்கூட உயிரோட இருக்கும். பினாயில், டெட்டால் எல்லாம் இதுக்குப் போதாது, பிளீச்சிங் தண்ணிதான் வேலை செய்யும். இன்னும் ரெண்டு ஊசி இருக்கு, மூணு வாரத்துக்கு ஒண்ணு. எல்லாம் முடியற வரைக்கும் தெரு மண்ணு இதுங்க மேல படக்கூடாது.”

கண்ணுக்குத் தெரியாது, மாசக்கணக்கில் இருக்கும், மண்ணில் ஒட்டி வரும். சடையப்பனுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. போன வேலை திரும்பக் கிடைத்தவன் முகம் அவர் முகம். வீட்டுக்கு வந்த கையோடு ஷெட்டின் வாய்க்குக் குறுக்கே ஒரு மர பெஞ்சை இழுத்துப் போட்டார். வீட்டுக்குள் போகும் வழியும் அதுதான். தரையில் மஞ்சள் பெயின்டில் கோடு கிழித்தார். கோட்டுக்கு வெளியே செருப்பு விடும் தட்டு. பக்கத்தில் கால் நனைக்கப் பிளீச்சிங் தண்ணீர்த் தொட்டி. உள்ளே நாலு ஜோடி நீல ரப்பர் செருப்பு. அம்மணியையும் தெருவுக்கு விடாமல் உள்ளேயே கட்டிப்போட்டார். பால்காரர், கேஸ்காரர், கூரியர் பையன், யாராயிருந்தாலும் பெஞ்சில் உட்கார்ந்து காலைத் தூக்கிப் போட்டுத்தான் உள்ளே வர வேண்டும். கேஸ்காரர் சிலிண்டரோடு காலைத் தூக்கிப் போட்ட காட்சியைத் தெருவே நின்று பார்த்தது.

சிக்கல் வந்தது மீன்கார ரத்னாவால். சதுரங்கப்பட்டினம் குப்பத்திலிருந்து கூடை சுமந்து வருகிறவள். எட்டு வருஷமாக அந்த வீட்டுக்கு மீன் கொடுக்கிறாள். அம்மணி வந்த நாளிலிருந்து அதற்கென்று தனியாக இரண்டு மீன் தலை கொண்டுவருவாள்.

“இன்னா அண்ணாத்த, பஸ் ஸ்டாண்டு கணக்கா பெஞ்சு போட்டுகீற?” என்று கூடையை இறக்கினாள்.

“செருப்பை வெளில வுட்டுட்டு, பெஞ்சுல குந்தி, காலை அந்தாண்ட போட்டு வா. குட்டிங்களுக்கு நோவு வந்துரும்.”

“எனக்குத்தான் செருப்பே கெடையாதே.”

சடையப்பன் அவள் காலைப் பார்த்தார். எட்டு வருஷத்தில் முதல் முறையாகப் பார்த்தார். வெறுங்கால். மீன் தண்ணீர் சொட்டினால் செருப்பு வழுக்குகிறது, கூடையோடு விழுந்துவிடுவேன் என்றாள் அவள். சடையப்பனின் ஏற்பாட்டில் செருப்பே போடாத மனுஷிக்கு இடம் இல்லை. கழற்ற ஒன்றுமில்லாதவளை எப்படிக் கழற்றச் சொல்வது? முப்பத்தொரு வருஷ அனுபவத்தில் அப்படி ஒரு கேஸ் வந்ததில்லை. கடைசியில் அவளைத் தொட்டியில் இரண்டு நிமிஷம் நிற்கவைத்தார்.

“எரியுது அண்ணாத்த! கால்ல பித்தவெடிப்பு கீது!”

“எரிஞ்சா கிருமி சாவுதுன்னு அர்த்தம்.”

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். குட்டிகளுக்காகத்தானே என்று நின்றாள். அது அவருக்குப் புரியவில்லை. ஒழுங்கு பழகாதவள் என்று மட்டும் மனதில் குறித்துக்கொண்டார்.

எல்லோரிடமும் வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போகவே, வாசலில் ஒரு பலகை வைத்துவிடலாம் என்று தோன்றியது. வேறு ஊர்க்காரனாயிருந்தால் அட்டையில் எழுதி ஒட்டியிருப்பான். கல் தட்டும் சத்தம் கேட்கிற ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அட்டையில் எழுதுவதா? மாமல்லபுரத்தில் சிற்பப் பட்டறை வைத்திருக்கும் தேவேந்திரனுக்குப் போன் செய்தார். கருங்கல், ஒன்றரை அடி. வாசகத்தையும் அவரே சொன்னார்: ‘நில். நாய்க்குட்டிகள் உள்ளன. காலணிகளைக் கோட்டுக்கு வெளியே விடவும்.’ ஆறு வாரத் தேவைக்கு, முன்னூறு வருஷம் நிற்கும் கல்.

வியாழக்கிழமை பலகையை வாங்கிவர ஸ்கூட்டரில் போனார். பட்டறையில் தரையெல்லாம் கல் அறுத்த சேறு. மூலையில் பாதி செதுக்கிய பிள்ளையாருக்குப் பின்னால் இரண்டு குட்டி நாய்கள் சுருண்டு கிடந்தன. சுற்றிலும் ஈரம். ஒரு கெட்ட வாடை.

“ரெண்டு நாளா இதுங்களுக்கு வவுறு சரியில்ல சார்” என்றான் தேவேந்திரன். “சோத்த மோந்துகூடப் பாக்க மாட்டேங்குதுங்க.”

சடையப்பனுக்கு உடனே புரிந்துவிட்டது. கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். தொடவே இல்லை. அந்த ஈரத்தில் நின்றபடி கால் மணி நேரம் பார்வோ பற்றி விளக்கினார். அது கண்ணுக்குத் தெரியாது, மண்ணில் ஒட்டிக்கொண்டு வரும், உடனே டாக்டரிடம் கொண்டு போ. தேவேந்திரன் உளியைக் கீழே வைத்துவிட்டு மரியாதையாகக் கேட்டுக்கொண்டான். பிறகு பலகையைச் சாக்கில் சுற்றி ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக் கொடுத்தான்.

வீட்டுக்கு வந்ததும் சடையப்பன் எல்லாவற்றையும் முறைப்படி செய்தார். பெஞ்சில் உட்கார்ந்தார். செருப்பைக் கோட்டுக்கு வெளியே கழற்றித் தட்டில் வைத்தார். காலைத் தொட்டியில் நனைத்தார். தூக்கி அந்தப் பக்கம் போட்டார். கையைச் சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவினார். குளித்தார், சட்டையை வெந்நீரில் ஊறப்போட்டார். குறை சொல்ல ஓர் இடம் இல்லை.

பெஞ்சு மனிதர்களுக்காகப் போட்டது. அதன் மேலே ஏற எந்தக் குட்டியாலும் முடியாது என்று அவர் அளந்து பார்த்திருந்தார். பெஞ்சுக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி இருந்தது. குளித்துவிட்டு வந்து பார்த்தபோது, மிளகு அதன் வழியே நுழைந்து வெளியே போய், தட்டிலிருந்து ஒரு செருப்பை இழுத்துவந்து, அதன் வாரைப் பல்லில் கடித்தபடி ஷெட்டின் நடுவில் தூங்கிக்கொண்டிருந்தது. ஊர்ச் செருப்பு ஆறேழு ஜோடி கிடக்க, தேடி எடுத்தது அவருடைய செருப்பை.

மனுஷன் உருகிவிட்டார். அதுவே நிஜம், மறைத்து என்ன. இத்தனை வருஷத்தில் அவருக்காக யாரும் அப்படி ஒரு காரியம் செய்ததில்லை. போனில் படம் எடுத்து, ‘எஜமான் வாசம்’ என்று எழுதி ஸ்டேட்டஸில் போட்டார். ஐம்பத்திரண்டு பேர் பார்த்தார்கள். அதற்கப்புறம்தான் செருப்பை மெல்ல உருவித் தட்டில் வைத்துவிட்டு, பெஞ்சுக்கடியில் ஒரு மரப்பலகையை அடைத்தார்.

செவ்வாய்க்கிழமை காலை மிளகு பால் குடிக்கவில்லை. மத்தியானம் வாந்தி எடுத்தது. சாயங்காலம் ரத்தமாகப் போனது. அந்த வாடை சடையப்பனுக்கு எங்கோ பழகியது போல இருந்தது. ஆனால் அந்த நேரத்தில் அதை யோசிக்கிற நிலையில் அவர் இல்லை. ஸ்கூட்டரில் சம்பூர்ணம் பின்னால் உட்கார்ந்து குட்டியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொள்ள, திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்குப் பறந்தார்கள்.

“தனியா இதுக்குன்னு ஒரு மருந்து இல்ல சார்” என்றார் டாக்டர் பிரிசில்லா. “உடம்புல தண்ணி வத்தாம பாத்துக்கணும், வாந்திய நிறுத்தணும், வேற கிருமி சேராம ஊசி போடணும். மீதி அது எவ்வளவு தாங்குதுன்னு பாக்கணும். மத்த ரெண்டையும் கொண்டாந்துடுங்க, இன்னிக்கே ஆரம்பிச்சுடலாம்.”

“ஊசி போட்டோமே டாக்டர்!”

“ஒரு ஊசிதானே சார் ஆயிருக்கு. முழுசாக் காப்பாத்த அது போதாது. எப்படி வந்துச்சு? வெளிய எங்கயாச்சும் போச்சா?”

“வாய்ப்பே இல்ல” என்றார் சடையப்பன். சொல்லும்போதே அவர் மனதில் ஒரு ஜோடி வெறுங்கால் வந்து நின்றது.

புதன்கிழமை ரத்னா வாசலில் கூடையை இறக்கியபோது அவர் கேட்டைத் திறக்கவில்லை. “நீதான் கொண்டாந்த. குப்பத்து நாயெல்லாம் உன் கூடை பின்னாடியே வருது, அந்த மண்ணை மிதிச்சுகினு வந்து எங்கூட்ல விட்டுட்ட” என்றார். அவள் வாயைத் திறப்பதற்குள் உள்ளே போய்விட்டார். அதோடு விட்டாரா? தெரு வாட்ஸ்அப் குழுவில் நாலு பத்தி எழுதினார். மீன் கூடை வழியாக நோய் வந்துவிட்டது, வீட்டில் நாய் வைத்திருப்பவர்கள் எச்சரிக்கை. நாய் இல்லாதவர்களும் எச்சரிக்கையானார்கள். மறுநாளிலிருந்து அந்தத் தெருவில் ரத்னாவின் குரல் கேட்கவில்லை.

தினமும் செங்கல்பட்டு. மருந்து ஏற்றிக்கொண்டு வந்தால் வீட்டிலும் சலைன். துணிக்கொடி ஆணியில் பாட்டில் தொங்கியது. சடையப்பன் கையுறை போட்டு, முகமூடி போட்டு, மேலே பழைய மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு குட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். கடுகும் சீரகமும் வியாழக்கிழமை தலையைத் தூக்கின. மிளகு தூக்கவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு அது நகர்ந்து நகர்ந்து வந்து, அவருடைய வலது பாதத்தைத் தேடியது. அங்கே ரப்பர் பூட்ஸ் இருந்தது. அதன் மேல் மூக்கை வைத்து மோந்து பார்த்தது. வாசம் தெரியாமல் கொஞ்ச நேரம் குழம்பியது. பிறகு அங்கேயே தலையைச் சாய்த்துவிட்டது.

ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் போட்டு, டாக்டர் சொன்னபடியே புதைத்தார். மண்ணைத் தள்ளும் முன் ஒரு நிமிஷம் நின்றார். கையுறையைக் கழற்றினார். விரலால் அதன் நெற்றியைத் தொட்டுவிட்டு, நேராகப் போய்க் கையைக் கழுவினார். அழுகை வரவில்லை. அதற்குப் பதிலாகக் கோபம் வந்தது, அந்தக் கோபத்துக்கு ஒரு முகவரியும் தயாராக இருந்தது. அது எவ்வளவு சௌகரியம் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

பத்து நாள் கழித்துக் கடுகையும் சீரகத்தையும் காட்ட செங்கல்பட்டு போனார்கள். இரண்டும் மேஜை மேலேயே சண்டை போட்டன. டாக்டருக்குச் சந்தோஷம். சடையப்பன் போனை எடுத்தார்.

“இது செத்துப்போன குட்டி டாக்டர். வீட்ல நல்லா இருந்தப்ப என்னா சேட்டை பண்ணிச்சுன்னு நீங்க பாக்கலியே.”

டாக்டர் படத்தைப் பார்த்துச் சிரித்தார். பிறகு விரலால் பெரிதாக்கினார்.

“யார் செருப்பு சார் இது?”

“என்னுதுதான்” என்றார் சடையப்பன் பெருமையாக. “அத்தனை செருப்புல என்னுத மட்டும் தேடி எடுத்துச்சு.”

“அத்தனை செருப்புன்னா?”

அவர் பெஞ்சு, கோடு, தட்டு, தொட்டி எல்லாவற்றையும் விளக்கினார். டாக்டர் குறுக்கிடாமல் கேட்டார். கேட்கக் கேட்க டாக்டரின் முகம் மாறியது.

“காலை நனைக்க வெச்சீங்க. செருப்பை நனைக்கலியா சார்? ஊர் மண்ணு எல்லாம் செருப்புலதானே வரும். எல்லார் செருப்பையும் சேத்துக் குட்டிங்க பக்கத்துலயே அடுக்கி வெச்சுட்டீங்களே. இந்தப் படம் எடுத்த அன்னிக்கு எங்க போயிட்டு வந்தீங்க?”

“மாமல்ல...” என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார். இப்போது அந்த வாடை எங்கே பழகியது என்று தெரிந்துவிட்டது.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று தேவேந்திரனுக்குப் போன் போட்டார். “ரெண்டும் பூட்ச்சு சார்” என்றான் அவன். “நீங்க நின்னு அவ்ளோ சொன்னீங்க, அன்னிக்கே டாக்டராண்ட தூக்கினு போயிருக்கணும். நம்ப புத்தி. பலகை நல்லா வந்துச்சா சார்?”

நல்லா வந்தது என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். பக்கத்தில் நின்ற சம்பூர்ணத்திடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் திட்டவில்லை. கூடையில் இருந்த இரண்டையும் வெயில் படாமல் துண்டால் மூடினாள்.

“அந்தப் பொம்பளையாண்ட சொல்லணும்ங்க” என்றாள்.

“குரூப்புல எழுதிடறேன்.”

“குரூப்புலயும் எழுதுங்க. ஆனா அவ குரூப்புல இல்லியே.”

அன்று மாலை வாட்ஸ்அப்பில் எழுதினார். முதல் தடவை நாலு பத்தி எழுதியவர் இந்தத் தடவை ஏழு பத்தி எழுதினார். தவறு என்னுடையது, மீன்காரம்மாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நாலு பேர் கட்டைவிரல் போட்டார்கள். ஒருவர் ரோஜாப்பூவோடு குட் ஈவினிங் அனுப்பினார். இன்னொருவர், சார் உங்கள் வாசலில் உள்ள கல் பலகை எங்கே செய்தது, எங்கள் வீட்டுக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்டிருந்தார்.

மறுநாள் காலை, பழைய செருப்பைக் கொளுத்திவிட்டு, புதுச் செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டு குப்பத்துக்குப் போனார். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்தார். அவள் கத்துவாள். கத்தட்டும். எட்டு வருஷ வாடிக்கைத் தெருவைப் பிடுங்கியவனை நாலு பேர் முன்னால் காறித் துப்பினாலும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்திருந்தார். சொல்லப்போனால் அதை எதிர்பார்த்தே போனார். வாங்கிக்கொண்டால் கொஞ்சம் பாரம் குறையும் என்று ஒரு கணக்கு.

படகுகளுக்குப் பக்கத்தில் நாலைந்து பெண்கள் மீனைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ரத்னா அவரைப் பார்த்ததும் எழுந்து இரண்டடி பின்னால் போனாள்.

“கிட்ட வராத அண்ணாத்த, அங்கயே நில்லு. கறுப்புக் குட்டி செத்துப்போச்சுன்னு பால்காரரு சொன்னாரு. மத்த ரெண்டும் நல்லா கீதா?”

“நல்லா கீது.”

“அப்பாடா” என்றாள். “நான் அந்தத் தெருப் பக்கமே வரல. இங்க கீற குட்டிங்களையும் தொடறது இல்ல. தெனம் அந்தத் தண்ணி கலக்கித்தான் காலைக் கழுவுறேன்.”

அப்போதுதான் அவர் அவள் காலைப் பார்த்தார். கணுக்கால் வரைக்கும் தோல் வெளுத்து உரிந்து, வெடிப்புகள் சிவந்து, ஈ மொய்த்தது. இரண்டு மாசம் அம்மணிக்கு மீன் தலை சுமந்தவள், அவர் சொன்ன ஒரே வார்த்தையை வேதமாக நம்பி, தினமும் அந்தக் காலைப் பிளீச்சிங்கில் நனைத்திருக்கிறாள்.

மனப்பாடம் செய்தது எல்லாம் மறந்துபோயிற்று. என்னென்னவோ சொன்னார். மாமல்லபுரம், கல்பலகை, செருப்பு, பெஞ்சுக்கடியில் ஒரு சாண், ஐந்து நாள் கணக்கு. முப்பத்தொரு வருஷம் பாடம் நடத்தியவருக்கு ஒரு வாக்கியம் நேராக வரவில்லை. அவள் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள். பாதி புரியவில்லை.

“இரு, இரு” என்றாள். “அப்போ அந்தக் கறுப்புக் குட்டிய நான் கொல்லலியா?”

“நீ இல்ல ரத்னா. நான்.”

அவள் மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். “ஏ, நான் இல்லியாம்! கேட்டியா, நான் இல்லியாம்!” என்று மற்றவர்களைப் பார்த்துக் கத்தினாள். ஒரு வசவு இல்லை. அவருக்காக வைத்திருந்த ஒரு சொல் இல்லை. அவர் வாங்கிக்கொண்டு போக வந்ததை அவள் தரவே இல்லை.

சடையப்பன் நின்ற இடத்திலேயே நின்றார். மிளகு செத்து இத்தனை நாளும் வராத அழுகை அப்போது வந்தது. பொங்கிக்கொண்டு வந்தது. பெண்கள் மீனை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். ஒருத்தி ரத்னாவின் முதுகைத் தட்டினாள்.

“நீ சிரிக்கிற, சரி. அவரு இன்னாத்துக்கு இப்பிடி அழுவுறாரு?”

ரத்னா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

“அவரு வளத்த குட்டி செத்துப்போச்சுடி” என்றாள்.